காற்றாடிமலையில் ஒரு மெழுகுதிரி

மாமி நேர்ந்துவைத்த நேர்ச்சையைத் தீர்க்க எனக்கு இத்தனை வருடங்கள் ஆகிவிட்டன. ஆண்டவர் என்னை மன்னிப்பாராக. மாமியும் மன்னிக்க வேண்டும்.

ஒக்கி புயல் அடித்த அன்று, 2017 நவம்பர் 30, என் கொழுந்தனார் ஆழ்கடலில் இருந்தார். ஊரில் மின்சாரம் இல்லை. வாழையும் ரப்பரும் முறிந்து விழுந்து பாதைகள் அடைபட்டுக் கிடந்தன. யாரிடம் கேட்டாலும் "தெரியவில்லை" என்ற ஒரே பதில்தான். அந்த இரவுகளில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் கண்மூடவில்லை, மாமியும் நானும். மாமி முன்னறையில் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து, சார்ஜ் தீரப்போகும் போனை மடியில் வைத்துக்கொண்டு, வரக்கூடிய கெட்ட செய்தியை ஆயிரம் விதமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் இரவில்தான் மாமி வாய்விட்டுச் சொன்னார்: "தேவசகாயம் பிள்ளையே, என் மகன் கரை சேர்ந்தால், கோட்டாற்றில் உம்முடைய கல்லறையிலிருந்து காற்றாடிமலையில் நீர் உயிர் விட்ட பாறை வரை செருப்பில்லாமல் நடந்து வந்து உப்பும் நல்லமிளகும் போடுகிறேன்." பதினெட்டாம் நூற்றாண்டில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சி அவர். அப்போது அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்படவில்லை. 2012இல் அருளாளர் ஆகியிருந்தார், அவ்வளவுதான். மாமிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. சிறுவயதிலிருந்தே அவருக்கு அவர் புனிதர்தான்.

ஒன்பதாம் நாள் லட்சத்தீவிலிருந்து போன் வந்தது. கொழுந்தனாரின் குரல்தான். மாமி போனை என்னிடம் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் விழுந்து நெற்றியை வைத்தார்.

ஆனால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் போன் வரவில்லை. எதிர்வீட்டுக்கும் வரவில்லை. அந்த வீட்டில் அழுகை ஓயாமல் இருக்கும்போது நன்றி சொல்ல ஊர்வலம் போவது எப்படி என்று மாமி ஒரு வருடம் பொறுத்திருந்தார். பிறகு அவருடைய மூட்டு விடவில்லை. பிறகு கொரோனா. 2021இல் மாமி போய்விட்டார். போவதற்கு இரண்டு நாள் முன்பு என் கையைப் பிடித்து, "மக்களே, அந்தக் கடனை நீ தீர்த்துவிடு" என்றார்.

நான் தீர்க்கவில்லை. வேலை, வீடு என்று வெளியில் காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் பயம். என் மகள் குவைத்தில் நர்ஸாக இருக்கிறாள். இரவு பதினோரு மணிக்கு மேல் போன் அடித்தால் என் கை நடுங்கும். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று நடுங்கும். கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை பார்ப்பேன், கேஸ் அடுப்பை நான்கு முறை பார்ப்பேன். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கூடியிருக்குமோ என்று தூங்குகிற மனிதனின் மூச்சைக் கவனித்துக்கொண்டு கிடப்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு பயம், சொல்லவே கூசுகிறது. நன்றி சொல்லப் போனால், கொடுத்ததைக் கடவுளுக்கு நினைவுபடுத்தியதுபோல் ஆகிவிடுமோ, திருப்பி எடுத்துக்கொள்வாரோ என்ற பயம். விழித்திருந்து செபியுங்கள் என்று ஆண்டவர் சொன்னதைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். விழித்திருந்தேன், அது உண்மை. செபிக்கவில்லை.

இந்த ஆண்டு சனவரி 14, மறைசாட்சியின் திருநாளுக்கே போய்விடுவது என்று கொழுந்தனார்தான் முடிவெடுத்தார். "மைனி, அம்மா எனக்காக நேர்ந்தது. நானும் வருகிறேன்" என்றார். கிளம்புவதற்கு முந்தைய நாள் எதிர்வீட்டுக்குச் சொல்லப் போனேன். சொல்லாமல் போனால் அது ஒளிந்து போவதுபோல் ஆகிவிடும். வார்த்தை தொண்டையில் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய் ஒரு மெழுகுதிரியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அவருக்காக அங்கே ஏற்றிவிடுங்கள் அக்கா." இவ்வளவுதான் சொன்னாள். அவளுடைய கணவர் இன்னும் வரவில்லை. இனி வரப்போவதுமில்லை. அவள் மெழுகுதிரி கொடுக்கிறாள், எல்லாம் கிடைத்த நான் பயந்துகொண்டிருக்கிறேன்.

அன்று மாலை புலியூர்க்குறிச்சிக்குப் போய், தேவசகாயம் பிள்ளை தாகத்தில் முட்டியால் இடித்துத் தண்ணீர் சுரந்தது என்று சொல்கிற முட்டிடிச்சான் பாறைத் தண்ணீரை ஒரு சின்னப் பாட்டிலில் எடுத்துக்கொண்டோம். இரவு கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் கல்லறைக்கு முன்னால் வெகுநேரம் இருந்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். ஏறக்குறைய 15 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் பேசி முடிப்பதற்குள் வந்துவிடும் தூரம். வெறுங்காலில் அதுவே வேறு. ஒழுகினசேரி பாலத்தைத் தாண்டும்போதே சாலையின் சிறுகற்கள் குத்தத் தொடங்கிவிட்டன. வெள்ளமடம் வருமுன் இடது காலில் கொப்புளம் போட்டுவிட்டது. லாரிகள் உரசுவதுபோல் போயின. நடந்து வருகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் விலகி ஓட்டக்கூடாதா?

கையிலிருந்த பொட்டலத்தை நினைத்துக்கொண்டே நடந்தேன். உப்பு, நல்லமிளகு. அவருடைய காயங்களிலும் மூக்கிலும் பூசியது மிளகைத்தானே. அதையே நாம் காணிக்கையாகக் கொண்டுபோகிறோம். பயிர் அழிந்து மாடுகள் செத்து நொந்துபோயிருந்த நீலகண்ட பிள்ளைக்கு, அதுதான் அவருடைய பழைய பெயர், திருவிதாங்கூர் படையிலிருந்த டச்சுக்காரர் டி லனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது நாம் எல்லாரும் கோவிலில் கேட்டு வளர்ந்ததுதான். யோபுவுக்குக் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது. அதைக் கேட்டு நம்பி 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவருக்கு என்ன திரும்பக் கிடைத்தது? லாசர் என்பதைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். கடவுளே துணை. அந்தப் பெயரோடு நான்கு வருடம். பிறகு கைது, எருமை மேல் ஊர்வலம், எருக்கம்பூ மாலை, பெருவிளையில் மரத்தோடு கட்டுண்ட மாதங்கள், கடைசியில் 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. துணை எங்கே என்று அவர் கேட்கவில்லை. நான் அன்றாடம் கேட்கிறேன். மகள் போனை எடுக்கப் பத்து நிமிடம் தாமதமானால் கேட்கிறேன்.

தோவாளை வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. பொங்கல் நேரம் என்பதால் பூச்சந்தை திமிறிக்கொண்டிருந்தது. காலை ஊன்ற முடியாமல் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்தேன். பூ கட்டிக்கொண்டிருந்த பெண் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தவர், ஒரு கை பிச்சிப்பூவை அள்ளி வாழையிலையில் சுருட்டிக் கொடுத்தார். "என் பேரனுக்குப் பேச்சு வரவில்லை அக்கா. அந்தச் சாமியிடம் சொல்லுங்கள்." காசு நீட்டினேன், வாங்கவில்லை. அந்த வாசனை மலை வரைக்கும் எங்களோடு வந்தது.

ஆரல்வாய்மொழியில் எழுதக் கூசுகிற காரியங்களும் நடந்தன. பிரிவுச் சாலையில் நின்ற ஆட்டோக்காரர்கள் நொண்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துக் கட்டணம் சொன்னார்கள். வழக்கமாகக் கேட்பதைவிட மூன்று மடங்கு. எங்களுக்கு ஆட்டோ வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாட்டி பேரம் பேசிப் பேசி அழுதுவிட்டார். மெழுகுதிரி விற்கிறவர்கள் கையைப் பிடித்து நிறுத்தி, எங்களிடம் வாங்கினால்தான் ஏற்ற விடுவார்கள் என்று பொய் சொன்னார்கள். வியாகுல அன்னை ஆலயத்துக்குள் கால் வைக்க இடமில்லை. திருப்பலியை வெளியில் நின்று ஒலிபெருக்கியில்தான் கேட்டோம். நற்கருணை வாங்கும் வரிசையிலும் முண்டியடிக்கிறார்கள். ஆண்டவரை வாங்கப் போகும்போதுகூடப் பக்கத்தில் நிற்பவரை முழங்கையால் இடிக்க வேண்டுமா?

மலைமேல் கூட்டம் இன்னும் மோசம். தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறையைச் சுற்றிப் பிள்ளைகள் கற்களை வைத்துக்கொண்டு விளையாட்டாகத் தட்டித் தட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் உயிர் விட்ட நேரம் அந்தப் பாறை விழுந்து மணியாய் ஒலித்தது என்று கேட்டு வளர்ந்த எனக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு சிஸ்டர் வந்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். பிள்ளைகள் விலகினார்கள். அவருக்குக் கடவுள் நல்ல சுகம் கொடுக்கட்டும்.

உப்பையும் மிளகையும் போட்டேன். பிச்சிப்பூவை வைத்து, அந்தப் பெண்ணின் பேரனைச் சொன்னேன். பிறகு எதிர்வீட்டு மெழுகுதிரியை எடுத்தேன்.

காற்றாடிமலை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? கணவாய்க் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. தீக்குச்சியை உரசினேன், அணைந்தது. இன்னொன்று, அதுவும் அணைந்தது. திரும்பி உட்கார்ந்து முந்தானையை மறைத்துப் பிடித்து உரசினேன். திரியில் பற்றி நீலமாய் ஒரு கணம் நின்று அணைந்தது. பெட்டியில் குச்சிகள் குறைந்துகொண்டே வந்தன. என் பழைய பயம் எழுந்தது. இது அடையாளமோ? அவளுடைய மெழுகுதிரியை ஆண்டவர் ஏற்க மறுக்கிறாரோ? கை நடுங்கியது. இதைத்தான் சோதனை என்பார்கள் போலிருக்கிறது. பெரிய பாவமாக வருவதில்லை, அணைந்த திரியில் வந்து உட்காருகிறது.

கொழுந்தனார் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலை இழுத்துக் காய்த்துப்போன இரண்டு கைகளையும் குவித்துத் திரியைச் சுற்றி வைத்தார். வலப்பக்கம் யாரோ ஒரு அம்மா தன் பையைத் தூக்கி மறைத்துப் பிடித்தார். பின்னாலிருந்து ஒரு பெரியவர் வேட்டியை விரித்து நின்றார். யாரும் யாரையும் கேட்கவில்லை. கடைசிக்கு முந்தைய குச்சி. பற்றியது. கொழுந்தனாரின் விரல்களுக்குள் அந்தச் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. சூடு பட்டிருக்கும். அவர் கையை எடுக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் அவருடைய கையிலிருந்த கயிற்றுத் தழும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எதிர்வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி ஒரு பரலோக மந்திரம் தொடங்கினேன். யார் என்று தெரியாமலே எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். மெழுகு உருகிப் பாறையில் ஒட்டும் வரை அந்தக் கைகள் அப்படியே இருந்தன.

கேட்க வேண்டும் என்று கோட்டாற்றிலிருந்து மனதில் அடுக்கிக்கொண்டு வந்த எதுவும் அப்போது வரவில்லை. மகளுக்கு, அவருக்கு, வீட்டுக்கடனுக்கு என்று பெரிய பட்டியல் வைத்திருந்தேன். சகாயம், சகாயம் என்று மட்டும்தான் வாய் சொன்னது. ஒரு சின்னக் கல்லை எடுத்து மாமிக்காகப் பாறையில் ஒரே ஒரு முறை தட்டினேன். வெண்கலச் செம்பைச் சுண்டியதுபோல் ஒலித்தது.

இறங்கி வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முட்டிடிச்சான் பாறைத் தண்ணீரை ஆளுக்கு ஒரு மடக்காகக் குடித்தோம். அப்போதுதான் கொழுந்தனார், இத்தனை வருடமாகச் சொல்லாததைச் சொன்னார். எஞ்சின் நின்ற படகில் பத்துப் பேர். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் முறை வைத்து இறைத்தார்கள். நான்கு பேர் இறைக்க, ஒருவர் கப்பல் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க, மற்றவர்கள் படுக்க வேண்டும். "என் முறையில் கண்ணிமைக்காமல் இருந்தேன் மைனி. படுக்கிற முறை வந்தபோது தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்."

"பயமில்லையா தம்பி?"

"பயம் இருந்தது. ஆனால் இன்னொருவன் விழித்திருந்தானே. அவனுக்கு மேல் ஆண்டவர் விழித்திருந்தார். நானும் தூங்காமல் கிடந்தால் மறுநாள் இறைக்க யார் இருப்பார்கள்?"

இதைக் கேட்டதும் அடக்கமாட்டாமல் அழுதேன். ஆண்டவரே, உமக்கு நன்றி. அந்த ஒன்பது நாளுக்கும் நன்றி. மகளைப் பத்து வருடமாக அந்நிய நாட்டில் காத்து வருவதற்கு நன்றி. சொல்ல மறந்த எல்லாவற்றுக்கும், கேட்காமலே தந்த எல்லாவற்றுக்கும் நன்றி. எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் படித்துக்கொண்டிருக்கின்றன, அதற்கும் நன்றி. அவளுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தீரே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இஸ்ராயேலைக் காக்கிறவர் உறங்குவதில்லை என்று சிறுமியாக இருந்தபோதே மனப்பாடம் செய்தவள் நான். இவ்வளவு காலமும் அவருடைய காவல் முறையையும் சேர்த்து நானே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மாமி முழந்தாளில் விழித்திருந்ததும் நான் போனோடு விழித்திருந்ததும் ஒன்றல்ல. தேவசகாயம் பிள்ளையே, சிறையில் நீர் விழித்திருந்த இரவுகளின் பேரால் எனக்காக வேண்டிக்கொள்ளும்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தோவாளைப் பூவாசனை வந்தது நினைவிருக்கிறது. பிறகு ஒன்றும் நினைவில்லை. வடசேரியில் கொழுந்தனார் தோளைத் தொட்டு, "மைனி, இறங்க வேண்டும்" என்றார்.