ரோட்டார் எந்தப் பக்கம் பார்த்தது?

என் காருக்கு என் மகனைவிட வயது அதிகம், என்னைவிடப் பிடிவாதம் அதிகம். கொஞ்ச நாளாக ஐடிலில் நிற்கும்போது விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தை வரிசையாகப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைக் கழற்றி, உள்ளே சுற்றும் கையான ரோட்டாரைப் பிடித்துப் பார்த்தால், விழப்போகும் பால்பல் மாதிரி ஆடியது. உள்ளே ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. மின்சாரத்தை வெட்டிப் பொறி வரவைக்கும் பாயிண்டின் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு எத்தனை முறை வைத்தாலும் அது தன் இஷ்டத்துக்கு மாறிக்கொள்ளும். சரி, முழுசாகவே மாற்றிவிடலாம் என்று புது டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கி வந்தேன்.

“அரை மணி நேர வேலை” என்று வீட்டில் அறிவித்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

கழற்றும் முன் ரோட்டார் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. எஞ்சினை அசைக்காமல், புதியதையும் அதே திசையில் இறக்கிவிட்டால் முக்கால் கிணறு தாண்டியாச்சு. மார்க் போட சாக்பீஸ் தேட சோம்பல்பட்டு, போனில் மூன்று படம் எடுத்தேன். பழையதை உருவினேன். கை கழுவப் போனேன்.

“அப்பா, ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே மகன் சாவியைத் திருப்பிவிட்டான். அனுமதி கேட்பதும் காரியத்தை முடிப்பதும் அவனுக்கு ஒரே வேலை. சாவியை வண்டியிலேயே விட்டதும் பேட்டரி ஒயரைக் கழற்றாததும் நான்தான் என்பதால், மனசாரத் திட்டவும் முடியவில்லை.

எஞ்சின் சுற்றிவிட்டது. போட்டோவாவது கைகொடுக்குமா என்று போனைத் திறந்தேன். மூன்றிலும் என் கட்டைவிரல் அவ்வளவு தெளிவு, ரேகையை எண்ணலாம். ரோட்டார் அதற்குப் பின்னால் எங்கோ இருந்தது.

முதலிலிருந்து ஆரம்பித்தேன். கிராங்க் புல்லியை ஸ்பேனரால் திருப்பி, அதிலுள்ள குறியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். ஒன்றாம் நம்பர் பிஸ்டன் டாப்பில். இனி ரோட்டார், கேப்பில் ஒன்றாம் நம்பர் ஒயர் வரும் இடத்தைப் பார்த்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அடியில் இருக்கும் கியர் சாய்வுப் பல் கொண்டது. இறக்க இறக்க ரோட்டார் தானாகத் திரும்பிக்கொண்டே போகும். நேராக வைத்து இறக்கினால், உட்கார்ந்த பிறகு நம்மைப் பிடிக்காத மாதிரி வேறு பக்கம் பார்க்கும். எவ்வளவு திரும்புமோ அவ்வளவு எதிர்ப்பக்கம் முன்கூட்டியே திருப்பி வைத்து இறக்க வேண்டும். நாலு முறை ஏமாந்தேன். ஐந்தாவது முறை திசை சரியாக வந்தது, ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் விரற்கடை உயரத்தில் நின்றுகொண்டது. என் எஞ்சினில் இந்த ஷாஃப்டின் நுனிதான் கீழே ஆயில் பம்ப்பையும் சுற்றுகிறது. அந்தப் பள்ளத்தில் நுனி விழாமல் முழுசாக உட்காராது. போல்ட்டைப் போட்டு முறுக்கியே கீழே இழுத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. இழுத்தால் எதாவது உடையும் என்று அடக்கிக்கொண்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு பம்ப் தண்டைக் கொஞ்சம் திருப்பினேன். மறுபடி இறக்கியதும் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அன்றைய நாளிலேயே காதுக்கு இனிமையான சத்தம் அதுதான்.

ரோட்டார் சுற்றும் திசையிலேயே, பொறி விழும் வரிசையான 1-3-4-2 என்று ஒயர்களைச் சொருகினேன். செல்ஃப் அடித்தேன்.

டமால்!

ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்திருந்ததால், கார்புரேட்டர் வாயிலிருந்து ஒரு தீ நாக்கு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. மதில்மேல் இருந்த பூனை எந்தப் பக்கம் என்று யோசிக்கவே இல்லை, குதித்துவிட்டது. உள்ளேயிருந்து, “அரை மணி நேரம் ஆயிடுச்சா?” என்று ஒரு குரல்.

மானத்தை ஓரமாக வைத்துவிட்டு, தெரிந்த பழைய மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

“டாப்புல வச்சுத்தான் மாட்டினேன் அண்ணே.”

“எந்த டாப்பு சார்?”

“ஒரு டாப்புதானே?”

“ரெண்டு இருக்கு சார்” என்றார். குரலில் சிரிப்பை நன்றாகவே அடக்கியிருந்தார்.

உண்மைதான். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. பிஸ்டன், காற்றை அழுத்தும் கம்ப்ரஷன் முடிவிலும் மேலே வரும், புகையைத் தள்ளி முடித்த பிறகும் மேலே வரும். புல்லியின் குறிக்கு இரண்டும் ஒன்றுதான். நான் பிடித்தது புகை டாப். பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு திறக்கிற நேரம் பார்த்து நெருப்பு வைத்தால், அது வந்த வழியே திரும்பிப் போகாமல் என்ன செய்யும்?

“ஒண்ணாம் நம்பர் பிளக்கைக் கழட்டி ஓட்டையைக் கட்டைவிரலால மூடுங்க. மெதுவா எஞ்சினைத் திருப்புங்க. விரலைத் தள்ளிக்கிட்டுக் காத்து வந்தா அதான் சார் டாப்பு.”

சாவி என் சட்டைப்பையில். ஸ்பேனர் மனைவி கையில். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் ‘புஸ்’ஸென்று விரலைத் தள்ளியது. மூன்று போட்டோவைக் கெடுத்த அதே விரல். பூஜ்ஜியம் வந்ததும் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரை உருவி, ரோட்டாரை நேர் எதிர்ப்பக்கம் வைத்து மறுபடி இறக்கினேன். அடுத்த செல்ஃபுக்கே பிடித்துக்கொண்டது.

அப்புறம், பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட். ஓட்டத்துக்கேற்பப் பொறியை முன்கூட்டியே விழவைக்கும் வேக்குவம் குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு, லைட்டைப் புல்லிமேல் காட்டினால், அந்த வேகத்திலும் குறி அப்படியே நிற்கிற மாதிரி தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. டிஸ்ட்ரிபியூட்டரை இம்மி இம்மியாகத் திருப்பி, கையேட்டில் சொன்ன டிகிரிக்குக் கொண்டுவந்து போல்ட்டை இறுக்கினேன். விக்கல் போயே போச்சு. மாலையில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு.

“நல்லாதான் இருக்கு. முன்னைவிடக் கொஞ்சம் சோம்பேறியா போற மாதிரி இல்ல?” என்றாள் மனைவி.

“புதுசு, பழகணும்” என்றேன்.

மறுநாள் காலை மகன் புத்தகப் பையைக் கொட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவனுடைய குட்டைப் பென்சிலைக் காணோமாம். நான் மெதுவாக வெளியே போய் பானெட்டைத் திறந்தேன். வேக்குவம் குழாயின் வாயில் கச்சிதமாகச் சொருகியபடி இருந்தது. உருவி, துடைத்துக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, “ஏம்ப்பா பெட்ரோல் வாசம் அடிக்குது?” என்றான். அதற்குள் நான் குழாயை மாட்டப் போய்விட்டேன்.