எனக்கு ஒன்றுமில்லை என்பவர்கள்தான் வரவேண்டும்

கோயில் மண்டபத்தில் இலவசமாக பிரஷரும் சுகரும் பார்க்கிறோம் என்றால் முதலில் வந்து உட்காருவது ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான். வரட்டும், நல்லதுதான். ஆனால் நமக்கு வேண்டிய ஆள், "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் சிகரெட் பற்றவைக்கிறாரே, அந்த அண்ணன். பிரஷர் ஏறினால் பெரும்பாலும் தலைவலிகூட வராது, அதுதான் சங்கடம்.

மொரீஷியஸில் இருந்துகொண்டு பரிசோதனையால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1987-ல் இந்தத் தீவில் ஆயிரக்கணக்கான பேரை ஊர் ஊராக அழைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ரேஷன் எண்ணெயையும் மாற்றினார்கள், பெரும்பாலும் பாமாயிலாக இருந்தது முழுக்க சோயா எண்ணெயாயிற்று. 1992-ல் மறுபடியும் பார்த்தால் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. சிகரெட்டும் குறைந்திருந்தது. (எடை மட்டும் ஏறிக்கொண்டேதான் போயிற்று, அதற்கு எண்ணெயைக் குறைசொல்லிப் பயனில்லை.)

சரி, முகாமுக்கு வந்தால் என்ன செய்யவேண்டும்? பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து கையை நீட்டாதீர்கள். காப்பியும் சிகரெட்டும் அரைமணி நேரத்துக்கு முன்பே போதும், வந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள், ஸ்வெட்டரைக் கழற்றுங்கள், கையில் சுற்றும் பட்டை தோலின்மேல் இருக்கவேண்டும். 140/90-ஐத் தாண்டினால் பயப்படாமல் இன்னொரு நாள் திரும்பப் பாருங்கள். இடுப்பு அளவெடுக்கும்போது நம் ஆண்கள் அத்தனை பேரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள்! டேப்பை ஏமாற்றி என்ன லாபம்? நம்மைப் போன்ற தெற்காசிய வம்சத்தாருக்கு வரம்பே சிறியது, ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80.

அப்புறம் கால். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் வலி பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? வயசாகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள், அது கால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அங்கே அடைப்பிருந்தால் இதயத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம். கேட்காவிட்டாலும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு குறை. பிரஷர் பார்த்துவிட்டு வெளியே வந்தால் சங்கத்தார் தட்டு நிறைய காத்தோ பிமான் (நம்ம ஊர் பருப்பு வடை மாதிரி) நீட்டுகிறார்கள், எண்ணெய் சொட்டச் சொட்ட. அடுத்த தடவை பழம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், பார்ப்போம்.