ஈயக்குண்டும் நம்ம கிரீஸ் கன்னும்

போன ஜனவரில ஒரு நாள் காலைல 8 மணி, செம்பனை மில்லு வொர்க்ஷாப்புல உக்காந்து ரொட்டி சானாய் பொட்டலத்த பிரிக்கிறேன், ஒஹாயோவுல இருக்கிற அத்தை மகன் வீடியோ கால்ல வந்துட்டான், அங்க ராத்திரி 7. "மச்சான், குண்டு மாட்டிக்கிச்சு"ங்கிறான். எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. யாருக்குடானு கேட்டா, யாருக்கும் இல்லயாம், துப்பாக்கிக்குள்ளயாம்.

கருமருந்த வாய் வழியா போட்டு, துணி வச்சு ஈயக்குண்ட கம்பியால இடிச்சு எறக்குற பழைய ரகம், அங்க ஜனவரில அதுக்குன்னே மான் வேட்டை சீசன் உண்டு. (நம்ம மலேசியா சுங்கை சிப்புட்ல லைசென்ஸ் இல்லாம இப்படி ஒண்ணு வச்சிருந்தா 1960 ஆயுதச் சட்டம் கதவ தட்டும்லா.) யார்கூடவோ பேசிக்கிட்டே மருந்து போட மறந்துட்டு வெறும் குண்ட அடி வரைக்கும் எறக்கிட்டான். திருகு கம்பிய ஈயத்துல ஏத்தி இழுத்தா துணுக்குதான் வந்துச்சாம், அடுத்து ஏர் கம்ப்ரசர் வைக்கட்டானு கேட்டான் பாருங்க. டேய், காத்து அமுங்கி நிக்கும், குண்டு லேசா அசைஞ்சா போதும், மொத்தமா விரிஞ்சு அது பறந்துடும்னேன். அதுக்குப் பதிலா கிரீஸ் கன்ன வச்சு அடி, கிரீஸ் அமுங்காது, கைய நிறுத்தினா குண்டும் நின்னுடும், நம்ம எக்ஸ்கவேட்டர் செயின டைட் பண்றதே கிரீஸ் அடிச்சுத்தானே.

ஆனா மொதல்ல மருந்து இல்லன்னு உறுதி பண்ணணும். கம்பிய உள்ள விட்டு வாய்கிட்ட கோடு போட்டு, வெளிய எடுத்து குழல் மேல வச்சுப் பார்க்கச் சொன்னேன், அடியில இருந்து ஒரு குண்டளவுதான் இடம் இருந்துச்சு. அப்பவும் எனக்கு மனசு கேக்கல, குழலோட அடியில நெருப்பு உள்ள போற நிப்பிள கழட்டி அந்த ஓட்டை வழியா தண்ணி ஊத்துன்னேன், கருமருந்துல முக்கா பங்கு வெடியுப்பு, தண்ணில கரைஞ்சிடும். அந்த ஓட்டை வழியா சிட்டிகை மருந்து திணிச்சு சுட்டு குண்ட வெளிய தள்ளுறதுதான் இந்த ரகத் துப்பாக்கிக்காரங்க வழக்கமாம், தண்ணி ஊத்தியாச்சு, இனி அது ஆகாது.

அதிர்ஷ்டம் என்னன்னா அந்த நிப்பிளோட திரெட்டு கால் இஞ்ச், இஞ்சுக்கு 28 புரி, கடைல விக்கிற சின்ன கிரீஸ் நிப்பிளுக்கும் அதே திரெட்டுதான். அத முடுக்கி, துப்பாக்கி வாய மணல் மூட்டைப் பக்கம் திருப்பி வச்சு, யாரும் முன்னாடி நிக்காம கிரீஸ் அடிச்சான், நூறு தடவைக்கிட்ட, கால் டியூப்பு போச்சு, புட்டுக்குழல்ல இருந்து புட்டு வர்ற மாதிரி கிரீஸ் தள்ள குண்டு மெதுவா எட்டிப் பார்த்து பொத்துனு விழுந்துச்சு.

கிரீஸ் கொஞ்சம் தங்கினாலும் அடுத்த தடவை கருமருந்துப் புகையோட சேர்ந்து தாரு மாதிரி இறுகிடும்னு சோப்பும் சுடுதண்ணியும் வச்சு கழுவ ஆரம்பிச்சான், அதுவும் குளியல் தொட்டில. பின்னாடி அவன் பொண்டாட்டி கத்துறது கேட்டுச்சு, நான் கட் பண்ணிட்டேன். ரொட்டி ஆறி செருப்பு மாதிரி ஆயிருந்துச்சு.