டவுட்டன் களத்தில் ஒரு தந்தையும் ஒரு மகனும்

யார்க்‌ஷயரில் டவுட்டன், சாக்ஸ்டன் என்னும் சிற்றூர்களுக்கு இடையிலுள்ள மேட்டு நிலத்தைப் பள்ளி மாணவர் சிலரோடு சென்ற வாரம் நடந்து பார்த்தேன். சாலையோரக் கற்சிலுவையருகே நின்று, 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறன்று கொட்டும் பனியில் இங்கிலாந்தின் அரியணைக்காக யார்க் அணியும் லங்காஸ்டர் அணியும் இங்கே மோதின என்று சொல்லத் தொடங்கியதுமே, ஒரு மாணவி, "அரசர் எங்கே நின்றார்?" என்று கேட்டாள்.

லங்காஸ்டர் அணியின் அரசர் ஆறாம் ஹென்றி களத்திலேயே இல்லை. யார்க் நகரில் இருந்தார். ஆனால் ஷேக்ஸ்பியர் தம் ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் மூன்றாம் பாகத்தில் அவரை இந்தப் போருக்கு நடுவே ஒரு சிறு மண்மேட்டில் தனியே உட்கார வைக்கிறார். அவர் கண்ணெதிரே ஒரு வீரன், தான் கொன்றவனிடம் காசு இருக்குமா என்று தேட வருகிறான். முகத்தைப் பார்த்ததும் அது தன் தந்தை என்று அறிகிறான். அவனை லண்டனிலிருந்து அரசரின் ஆட்கள் படைக்குப் பிடித்து வந்தார்கள். தந்தையோ வாரிக் பிரபுவின் ஆள் என்பதால் யார்க் பக்கம் நின்றவர். பிறகு மற்றொருவர் வருகிறார். அவர் கொன்றது தம் ஒரே மகனை. இவர்கள் யாருக்கும் நாடகாசிரியர் பெயர் வைக்கவில்லை. அரசர் அங்கே இருந்தார் என்பது வரலாற்றுப் பிழைதான். ஆனாலும் அந்தப் போர் எளியவர்களுக்கு என்ன செய்தது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன காட்சி எனக்குத் தெரியாது. 2013-இல் லண்டன் குளோப் அரங்கத்தின் நடிகர்கள் ‘ஆறாம் ஹென்றி’ நாடகங்களை இதே களத்தில் திறந்தவெளியில் நடித்தது மிகப் பொருத்தமான அஞ்சலி என்று கருதுகிறேன்.

போரின் போக்கைச் சுருக்கமாகவே சொன்னேன். காற்று லங்காஸ்டர் அணியின் முகத்தில் பனியை வீசியது. அவர்கள் எய்த அம்புகள் எட்டாமல் விழ, எதிரணி அவற்றையே பொறுக்கித் திருப்பி எய்ததாகப் பிற்கால வரலாற்று நூல் ஒன்று கூறுகிறது. தோற்ற லங்காஸ்டர் வீரர்கள் காக் பெக் ஓடையைக் கடக்க முயன்று மடிந்தார்கள். மாண்டவர்கள் 28,000 பேர் என்று அக்காலக் கடிதங்கள் சொல்வதை இன்றைய ஆய்வாளர் பலர் மிகை என்கிறார்கள்.

ஆனால் 1996-இல் டவுட்டன் ஹால் மாளிகையில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது கிடைத்த புதைகுழியில் எவ்வித மிகைக்கும் இடமில்லை. நெருக்கி அடுக்கப்பட்டிருந்த 37-க்கும் குறையாத ஆண்களின் எலும்புகளை பிராட்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பெரும்பாலான மண்டையோடுகளில் வெட்டுக்காயங்கள் இருந்தன. அவர்களில் நடுவயதைக் கடந்த ஒருவரின் தாடையில் ஆழமான பழைய வெட்டு ஒன்று நன்றாக ஆறிக் கூடியிருந்தது. முன்பு ஏதோவொரு சண்டையில் தப்பி, யாரோ பொறுமையாக மருந்திட்டுப் பிழைக்கவைத்த மனிதர் அவர்.

மாணவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, தந்தை, மகன் இருவரின் பகுதிகளையும் உரக்க வாசிக்கச் செய்தேன். தந்தையின் பகுதியைப் படித்த சிறுவன் பாதியில் நிறுத்திவிட்டு, தாடையில் காயம் ஆறிய அந்த மனிதருக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்டான். எலும்புகள் அதைச் சொல்வதில்லை என்றேன். அவன் சிலுவையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் வாசித்தான்.