கடல் கொண்ட ஒரு பங்கின் கதை

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் பகுதியில், டன்விச் என்றொரு சிற்றூர் இருக்கிறது. எழுத்தில் டன்விச் என்றாலும் அந்த வட்டாரத்தார் அதனை 'டன்னிச்' என்றே சொல்கிறார்கள். இன்று இருநூறு பேர்கூட வாழாத அவ்வூரின் வரலாற்றைக் கடந்த சில மாதங்களாகப் பாம்பனில் இருந்தபடி படித்துவருகிறேன். தனுஷ்கோடியில் வாழ்ந்து, 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் வீட்டையும் வலையையும் இழந்து, பாம்பனில் வந்து ஒதுங்கிய குடும்பம் எங்களுடையது. கடல் கொண்ட இன்னோர் ஊரை அதன் மக்கள் எவ்வாறு நினைவில் காத்தார்கள் என்று அறியும் ஆவலே என்னை அங்கே இழுத்தது.

டன்விச் ஒரு காலத்தில் பெயர் பெற்ற துறைமுகம். கம்பளி ஏற்றிய கப்பல்களும் மீன்பிடிக் கலங்களும் நிறைந்திருந்த அந்த ஊர், மன்னருக்குச் செலுத்திய வரியில் பணத்தோடு ஆயிரக்கணக்கான ஹெர்ரிங் மீனும் இருந்தது. முதலாம் வில்லியம் மன்னரின் ஆணைப்படி 1086இல் நாடு முழுவதும் நிலத்தைக் கணக்கெடுத்தபோது, அங்கே 3 தேவாலயங்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். அதே கணக்கில் வரும் இன்னொரு குறிப்பைப் படித்தபோது நெடுநேரம் அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. முந்தைய மன்னர் காலத்தில் அங்கே 2 ஏர் நிலம் இருந்தது, இப்போது ஒன்றே இருக்கிறது, மற்றதைக் கடல் கொண்டுபோயிற்று என்பதே அக்குறிப்பு. ஊர் செழித்திருந்த நாளிலேயே, வரி வாங்க வந்த எழுத்தர் ஒருவர் கடலின் கணக்கையும் சேர்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தக் கரை இறுகாத மணலும் சரளையும் சேர்ந்த மேடு. அலை அதன் அடியை அரிக்க அரிக்க, மேலிருப்பது சரிந்து விழுகிறது. 1286இல் வீசிய பெரும்புயல் ஊரின் ஒரு பகுதியை எடுத்ததோடு, புயல்கள் குவித்த சரளைக்கற்கள் ஆற்று முகத்தையும் அடைக்கத் தொடங்கின. 1328 புயலுக்குப் பின் துறைமுகம் மீளவே இல்லை. முகத்துவாரம் தூர்ந்தால் கரைக்கு என்ன நேரும் என்பதை நம் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கப்பல் வராத ஊரில் வணிகர் தங்கவில்லை, வணிகர் இல்லாத ஊரில் கரையைக் காக்கப் பணமும் இல்லை. அதன் பிறகு பல நூற்றாண்டுகளாக, தெரு தெருவாக, கோயில் கோயிலாக அந்த ஊர் கடலுக்குள் இறங்கியது. நாடாளுமன்றத்துக்கு 2 உறுப்பினர்களை அனுப்பும் உரிமை மட்டும், ஊர் ஏறக்குறைய இல்லாமலே போன பின்னும், 1832 வரை நீடித்தது.

நான் மதிக்கும் பகுதி இனிமேல்தான் வருகிறது. அங்கே பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி, வழிபாட்டுக்கு மட்டும் உரிய எல்லையாக இருக்கவில்லை. ஏழைகளுக்கு உதவுவது, சாலையைச் செப்பனிடுவது, எல்லையைக் காப்பது எல்லாம் பங்கின் பொறுப்புகளாக இருந்தன. ஆண்டுக்கொரு முறை சிறுவர்களையும் அழைத்துக்கொண்டு பங்கின் எல்லையைச் சுற்றி நடந்து, எல்லைக்கல் எது, எல்லை மரம் எது என்று அவர்கள் மனத்தில் பதியவைக்கும் வழக்கமும் இருந்தது. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1538இல், தாமஸ் குரோம்வெல் பிறப்பித்த ஆணையின்படி ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதிப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டியதாயிற்று. 1598 முதல் அவற்றின் நகல் ஆண்டுதோறும் ஆயருக்கும் போகவேண்டும் என்ற விதி வந்தது. இந்த நகல் விதியை நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு பிரதி நனைந்தாலும் எரிந்தாலும் இன்னொன்று வேறோர் ஊரில் பிழைத்திருக்கும். நம் பங்குகளிலும் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த பின்னரே திருமணத்தை ஏட்டில் எழுதுகிறார்கள். அந்த ஏட்டின் அருமையை, அது இல்லாமல் போன வீட்டாரிடம் கேட்டால்தான் தெரியும். என் அப்பத்தா தம் பிறந்த ஆண்டை இறுதிவரை ஊகமாகவே சொல்லிவந்தார்.

டன்விச்சின் தெருக்களை ரால்ஃப் ஏகஸ் என்ற நில அளவையாளர் 1587இல் வரைபடமாக்கினார். அப்போதே ஊரின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. பக்கத்து ஊரான சவுத்வோல்டில் உப்பு வரி அலுவலராக இருந்த தாமஸ் கார்டனர் 1754இல் அவ்வூரின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1740 புயலில் மணல் விலகி வெளிப்பட்ட பழைய அடித்தளங்களையும் கல்லறைகளையும் அவர் அதில் விவரித்திருக்கிறார். அண்மைக் காலத்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் ஒலியலைக் கருவிகளைக் கொண்டு கலங்கிய கடலடியில் கோயில் இடிபாடுகளைத் தேடியபோது, எங்கே பார்ப்பது என்று வழிகாட்டியது அந்த 1587 வரைபடம்தான்.

எல்லாவற்றிலும் கடைசியாக விழுந்தது சகல புனிதர்களின் கோயில். 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அங்கே வழிபாடு நின்றுவிட்டாலும், முன்னோர் அருகிலேயே அடங்க விரும்பியவர்களை 1820கள் வரை அக்கோயிலின் கல்லறைத் தோட்டத்தில்தான் புதைத்தார்கள். 1904இல் சுவர் சரியத் தொடங்கியது, 1919இல் கோபுரமும் விழுந்தது. விழ விழ யாரோ படம் பிடித்துக்கொண்டே இருந்ததால், அக்கோயில் ஆண்டுக்காண்டு குறைந்துவந்ததை இன்று வரிசையாகப் பார்க்கலாம். அதன் முட்டுச்சுவர் ஒன்றை மட்டும் காப்பாற்றி, 1832இல் கட்டிய புனித யாக்கோபு கோயில் வளாகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஊர் அருங்காட்சியகத்தில், பழைய நகரம் முழுவதையும் சிறு மாதிரியாகச் செய்துவைத்திருக்கிறார்கள்.

தனுஷ்கோடிக்கு அத்தகைய அவகாசம் கிடைக்கவில்லை. ஆண்கடலான மன்னார் வளைகுடாவுக்கும் பெண்கடலான பாக் நீரிணைக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில், ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், கோயில்கள், தலைமன்னாருக்குப் போகும் கப்பல் துறை என்று இருந்த ஊர் அது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின் செழித்தது, ஐம்பதே ஆண்டில் ஓர் இரவில் முடிந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில், தனுஷ்கோடி நிலையத்தை எட்டும் முன்பே உள்ளிருந்தவர்களோடு அலையில் போயிற்று. பிறகு அரசு அதனை வாழத் தகாத இடம் என அறிவித்துவிட்டது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள், பவளக்கல் சுவர்கள் எஞ்சிய கோயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தச் சுவருக்கு அருகில் யார் வீடு இருந்தது என்று சொல்லும் பலகை எதுவும் அங்கே இல்லை. அவ்விவரம் பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் ஊர்களில் எழுபதைக் கடந்த சிலரின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

ஆகவே சென்ற மாசி மாதத்திலிருந்து, வாய்ப்புள்ள ஞாயிறுகளில் பூசை முடிந்ததும், அவர்கள் வீடுகளுக்குப் போய்க் கேட்டு எழுதிவருகிறேன். ரயில் நிலையத்தை நடுவில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு, யார் குடும்பம், என்ன தொழில், அன்றிரவு யார் திரும்பவில்லை என்று வரிசையாகக் கேட்கிறேன். சில பெயர்களைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும், அன்று நோட்டை மூடிவிட்டு வந்துவிடுவேன். முதிய பெரியப்பா ஒருவர் முதல் நாள், "இதை எழுதி என்னப்பா ஆகப்போகுது?" என்று கேட்டார். மறுவாரம் நான் போனபோது, தம் தெருவை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தாமே வரைந்து வைத்திருந்தார்.

இதுவரை நாற்பத்தொரு வீடுகள் வரைபடத்தில் ஏறியிருக்கின்றன. குடிநீர் எடுத்த ஊற்று எங்கே இருந்தது என்பதில் அந்தப் பெரியப்பாவுக்கும் அடுத்த தெருப் பெரியம்மா ஒருவருக்கும் ஒத்துவரவில்லை. அவர் கோயிலுக்குத் தெற்கே என்கிறார், குடம் சுமந்தவள் எனக்குத் தெரியாதா, வடக்கே என்கிறார் பெரியம்மா. இரண்டு இடத்திலும் பென்சிலால் வட்டமிட்டு, சொன்னவர் பெயரையும் தேதியையும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கச்சான் காற்று தணிந்ததும் இருவரையும் அங்கே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். வரைபடத்தை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை மதுரையில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.