கிரீம்ஸ் சாலையும் ஈஞ்சம்பாக்கமும்

சென்னையில் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போவதென்றால் அரை நாளை ஒதுக்கிவிட வேண்டும்; சிறிய கலைக் கண்காட்சிக்கு ஒரு மணி நேரமே தாராளம். கிரீம்ஸ் சாலையில் தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையம், கல்லூரிச் சாலையில் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ், நுங்கம்பாக்கத்தில் தனியார் காலரிகள் என எல்லாம் அக்கம்பக்கத்திலேயே இருப்பதால், ஒரே பிற்பகலில் இரண்டு மூன்று கண்காட்சிகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

திறப்பு விழா அன்று மட்டும் நான் போவதில்லை. குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் முடிவதற்குள் வந்தவர்கள் ஓவியங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசத் தொடங்கிவிடுவார்கள். வார நாட்களின் பிற்பகலில் போனால் கூடம் காலியாக இருக்கும். பல நேரம், வருகைப் பதிவேட்டுக்குப் பின்னால் ஓவியரே உட்கார்ந்திருப்பார், செய்த விதத்தைக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்.

கிட்டே போய்ப் பார்ப்பதன் பலன் எட்சிங் அச்சோவியங்களில்தான் முழுமையாகத் தெரியும். உலோகத் தகட்டின் மேல் மெழுகு போன்ற பூச்சைத் தடவி, அதில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரப்படுத்திய காகிதத்தை அதன் மேல் வைத்து அழுத்தி எடுப்பார்கள். சட்டகத்துக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிந்த பள்ளம் படத்தைச் சுற்றி ஒரு செவ்வகமாகத் தெரியும். கீழே பென்சிலால் 4/15 என்று எழுதியிருந்தால், எடுத்த 15 பிரதிகளில் அது நான்காவது. இந்தப் பள்ளத்தைக் கைப்பேசித் திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் இப்படிப் பார்க்க முடியாது.

கைத்தொழிலையும் கலையையும் ஒன்றாகப் பார்க்க விரும்புவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் வரை போக வேண்டும். அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் 1966-இல் உருவான சோழமண்டல ஓவியர் கிராமம் அங்குதான் இருக்கிறது. ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத அந்தக் காலத்தில், மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்ற பணத்தில்தான் அந்த ஓவியர்கள் நிலம் வாங்கினார்கள். 2009-இல் திறக்கப்பட்ட அங்குள்ள அருங்காட்சியகம், அந்தக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த சென்னை ஓவிய இயக்கத்தை நிதானமாகப் பார்ப்பதற்கு ஏற்ற அளவில் அமைந்திருக்கிறது. அந்த இயக்கத்தைச் சேர்ந்த சிற்பி பி.வி. ஜானகிராமின் உலோகச் சிற்பங்கள் பெரும்பாலும் கோயில் கவசங்களைப் போல முன்புறத்தைக் கருதியே அமைக்கப்பட்டவை; தகட்டைத் தட்டிய தடங்களையும் மேலே பற்றவைத்த கம்பிகளையும் பார்க்கும்போது, செய்தவரின் கை எந்த வரிசையில் இயங்கியிருக்கும் என்பதைக்கூட ஓரளவு ஊகிக்கலாம். நேரம் மிஞ்சினால் இன்னும் தெற்கே, முட்டுக்காட்டில் தென்னிந்தியக் கலை, கைவினை அருங்காட்சியகமான தட்சிணசித்ராவின் கண்காட்சிக் கூடங்களும் இருக்கின்றன.

எனக்குள்ள குறை ஒன்றுதான். பல கூடங்களில் சுவர்க் குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. அந்த ஆங்கிலமும் படத்தை விளக்குவதைவிட எழுதியவரின் படிப்பைக் காட்டுவதிலேயே முனைப்பாக இருக்கிறது. கே.எம். ஆதிமூலம் என்ற ஓவியர் தமிழ் இதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் புதிய எழுத்து வடிவங்களை வரைந்து தந்த நகரம் இது. தலைப்பு, ஊடகம், செய்முறை ஆகியவற்றைத் தமிழில் நான்கு வரி அச்சிட்டு ஒட்டுவதற்கு ஆகும் செலவு அற்பம். அப்படி ஒட்டினால், நாள் முழுவதும் அந்தப் படங்களோடு உட்கார்ந்திருக்கும் காவலாளியே, உள்ளே வரலாமா என்று வாசலில் தயங்கி நிற்பவரை அழைத்து விளக்கிவிடுவார்.