கேரவன் மேசையின் ஆட்டத்தை நிறுத்துவது

கேரவன் வண்டிக்குள் எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவே நிற்கும் சாப்பாட்டு மேசை ஆடத் தொடங்கினால், எல்லோரும் முதலில் குறை சொல்வது அதன் காலைத்தான். காலைக் கழற்றிவிட்டு இன்னும் தடிமனான குழாயைப் பொருத்துகிறார்கள். கொஞ்ச நாளில் மேசை மறுபடியும் ஆடுகிறது. வேன் ஒன்றைக் குடும்பத்தோடு பயணம் செய்வதற்கான கேரவனாகப் பாளையங்கோட்டையில் மாற்றியபோது, இந்த ஒரு மேசைக்காக நான் செலவிட்ட கவனம் படுக்கைக்கும் அடுப்புக்கும் செலவிட்டதைவிட அதிகம். அப்படிக் கவனம் செலுத்தியது சரிதான் என்றே இன்றும் கருதுகிறேன்.

இத்தகைய மேசைக்குப் பெரும்பாலும் ஒற்றைக் கால்தான் இருக்கும். தரையில் ஒரு குழிவான தட்டு, பலகையின் அடியில் இன்னொரு தட்டு, இரண்டிலும் செருகிக்கொள்ளும் வகையில் முனைகள் சற்றே கூம்பிய ஒரு குழாய் என்பதே அதன் அமைப்பு. இரவில் காலை உருவி எடுத்துவிட்டு, பலகையை இருக்கைகளின் விளிம்புச் சட்டங்கள்மேல் இறக்கி, மெத்தைகளைப் பரப்பினால் அதுவே படுக்கையாகிவிடும். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடுகளிலும் இதே ஏற்பாடு பரவலாக உண்டு. கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், அதே நேரத்தில் அசையாமலும் நிற்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் ஒரே கால் சுமப்பதால்தான் சிக்கல் வருகிறது.

எங்கள் தச்சு ஆசாரி மேசையை ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, காலைக் குத்தம் சொல்லாதீய, தரை பிடிக்கலன்னா கால் என்ன செய்யும்?" என்றார். அவர் சொன்னதைக் கணக்கும் உறுதி செய்கிறது. காலிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, பலகையின் ஓரத்தில் ஒருவர் 10 கிலோ அளவுக்குக் கையை ஊன்றினால், சுமார் 16 சென்டிமீட்டர் அகலமுள்ள தரைத் தட்டின் எதிர்ப்பக்கத் திருகுகளை மேல்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ அதன் இரு மடங்காகிவிடுகிறது. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மட்டும் கடித்துக்கொண்டிருக்கும் மரத் திருகுகள், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் இப்படி இழுபட்டால் துளைகள் தாமாகவே பெரிதாகிவிடும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் திருகு சும்மா சுற்றுமே தவிர, பிடிக்காது.

ஆகவே மரத் திருகுகளை முழுவதுமாகக் கைவிட்டு, தரையை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளைப் போடுவதே நிலையான தீர்வு. பிளைவுட், அதன் கீழுள்ள வண்டியின் தகரத் தரை, தகரத்துக்கு அடியில் 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் இரும்புத் தகடு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும்படி போல்ட்டை இறக்கி, நைலான் வளையம் வைத்த நட்டால் முடுக்க வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் வரை வரும் வேகத்தடைகளில் வண்டி குலுங்கும் குலுக்கலுக்குச் சாதாரண நட்டு மெல்லக் கழன்றுவிடும். நைலான் வளையமோ மரையை இறுகப் பற்றிக்கொள்ளும். துளையிடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, டீசல் தொட்டி, பிரேக் குழாய், மின்கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று கண்ணால் பார்த்துவிடுவது கட்டாயம். துளையிட்டபின் வெட்டுப்பட்ட தகர விளிம்புக்குத் துருத்தடுப்பு பிரைமர் பூசி, சுற்றிலும் சீலன்ட் அடைக்க வேண்டும். இல்லையேல் மழைக்காலத்தில் அந்தத் துளை வழியாகவே ஈரம் ஏறிப் பிளைவுட் ஊறிவிடும். தரைக்குப் பிளைவுட் வாங்கும்போதே, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, ஈரத்தைத் தாங்கும் மெரைன் வகையை வாங்குவது நல்லது.

தரையை இவ்வளவு வலுப்படுத்தினாலும், சுவரின் உதவி இல்லாமல் ஒற்றைக் கால் மேசை முழுமையாக அடங்காது. பலகையின் ஒரு விளிம்பு வண்டியின் பக்கச் சுவரைத் தொடும் இடத்தில், அந்த விளிம்பின் நீளத்துக்கு ஒரு கெட்டியான மரச்சட்டத்தைப் பொருத்தி, பலகையின் அடியிலுள்ள கொக்கித் தகடு அதன்மேல் அமர்ந்துகொள்ளுமாறு செய்துவிட்டால், மேசையின் பாரத்தில் ஏறக்குறைய பாதி சுவருக்குப் போய்விடுகிறது. காலையும் நடுவிலிருந்து நடைபாதைப் பக்கம் நகர்த்திவிடலாம். முழங்காலுக்கும் இடம் கிடைக்கிறது. உள்ளே ஒட்டிய மெல்லிய பலகையில் சட்டத்தை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அதன் பின்னாலுள்ள இரும்புத் தூண்களைத் தேடிப் பிடித்து, அவற்றில்தான் போல்ட் போட வேண்டும். ஆட்டத்தைத் தீர்க்கும் வழிகளில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால், நான் இந்தச் சுவர்ச் சட்டத்தைத்தான் செய்யச் சொல்வேன்.

கூம்பு முனையையும் கவனிக்க வேண்டும். உவரிக் கடற்கரையில் ஒரு நாள் தங்கினாலே தரைத் தட்டின் குழிக்குள் மணல் சேர்ந்துவிடும். மணல் இருந்தால் குழாய் முழுதாக இறங்காது. இறங்காத குழாய் ஆடும். குழியைத் துடைத்து உலர்வாக வைக்க வேண்டும். எண்ணெய் தடவவே கூடாது, ஏனெனில் இரண்டு பரப்புகளும் உரசிப் பிடிப்பதில்தான் அந்த மூட்டின் வலு இருக்கிறது. தேய்ந்துபோன தட்டுக்கு மாற்றுக் கிடைக்காவிட்டால், நல்ல லேத் பட்டறையில் அதே சரிவில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். கடலோரம் அடிக்கடி செல்பவர்கள் எவர்சில்வர் போல்ட்டுகளைப் பயன்படுத்துவது நலம்.

மேசை உறுதியாக நின்றாலும் வண்டியே ஆடினால் என்ன செய்வது? ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்று, பணகுடி, காவல்கிணறு பக்கம் நிறுத்திய உயரமான வண்டியை அதன் ஸ்பிரிங்குகள்மேல் தாலாட்டிக்கொண்டே இருக்கும். வண்டியின் முகத்தைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்துவதும், நான்கு மூலைகளிலும் தாங்கு ஜாக்கிகளை இறக்குவதும் பெருமளவு போதும். வண்டியைத் தூக்குவது அந்த ஜாக்கிகளின் வேலையன்று. ஆட்டத்தை அடக்கும் அளவுக்கு இறுக்கினாலே போதுமானது.

இதுவரை சொன்னதெல்லாம் நிற்கும் வண்டிக்கு. ஓடும் வண்டிக்குள் மேசையை நிறுத்தி வைக்கவே கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஒரு மீட்டர் நீளமும் 70 சென்டிமீட்டர் அகலமும் உள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை மட்டுமே சுமார் 8 கிலோ இருக்கும். மைக்காவும் தட்டும் சேர்ந்தால் 10 கிலோவை நெருங்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலாவது முட்டி அரை மீட்டர் தொலைவுக்குள் நின்றுவிட்டால், அந்தப் பலகையைப் பிடித்து நிறுத்த அதன் எடையைப் போல் 20 மடங்கு, அதாவது சுமார் 200 கிலோ விசை வேண்டும். கூம்பு மூட்டு மேல்நோக்கியும் முன்நோக்கியும் வரும் அத்தகைய இழுப்புக்காகச் செய்யப்பட்டதன்று. மேசைக்கு எதிரே குழந்தைகள் அமர்ந்திருந்தால் அதன் விளிம்பு அவர்கள் வயிற்றுக்கு நேராக இருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகையால் புறப்படும் முன் காலைக் கழற்றி இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். இருக்கைகளில் யாரும் உட்காராத பயணமானால், பலகையைப் படுக்கை நிலையில் இறக்கிவிடுகிறோம். உட்காருவதானால் பின்கதவை ஒட்டிய தடுப்பில் செங்குத்தாகச் சாய்த்து வைக்கிறோம். இரண்டு நிலையிலும், கைப்பிடியை அசைத்து இறுக்கும் நாடாவான ராட்செட் பட்டை இரண்டைக் குறுக்காகப் போட்டு இறுக்குகிறோம். பட்டையின் கொக்கிகள் மாட்டும் வளையங்கள் பலகைச் சுவரிலோ இருக்கைப் பெட்டியின் மரத்திலோ இருக்கக் கூடாது. வண்டியின் இரும்புச் சட்டத்தோடு போல்ட்டால் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். காரையாறு செல்லும் மலைப்பாதை போன்ற வளைவுகள் மிகுந்த சாலையில் பட்டை சற்றுத் தளர்வது இயல்பாதலால், ஏறத் தொடங்கும் முன் பாபநாசத்தில் ஒருமுறை நிறுத்தி, கையால் இழுத்துப் பார்த்து மீண்டும் இறுக்கிக்கொள்கிறோம்.